அவசர சிகிச்சைப் பிரிவில் கூடும் கூட்டம்: பணத்தை முதலில் எதில் போடுவது?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஸ்ட்ரெச்சர்கள் நடைபாதைக்கு வந்துவிட்டன. நோயாளியை இறக்க இடமில்லாமல் ஆம்புலன்ஸ் வெளியே நிற்கிறது. நிர்வாகத்தின் கையில் இருக்கும் பணமோ ஒரே ஒரு பெரிய மாற்றத்துக்குத்தான் காணும். எதைச் செய்யலாம் என்று கேட்டால் வழக்கமாக நான்கு யோசனைகள் வரும். பிரிவைப் பெரிதாகக் கட்டலாம் என்பார் ஒருவர். சளி, காய்ச்சல், சுளுக்கு என்று வருகிறவர்களை வேறு இடத்துக்குத் திருப்பலாம் என்பார் இன்னொருவர். உள்ளே வேலை வேகமாக நடக்க வழி செய்யலாம் என்பது மூன்றாவது. அட்மிஷன் என்று முடிவான நோயாளியை உடனுக்குடன் வார்டுக்கு ஏற்ற வழி பார்க்கலாம் என்பது நான்காவது.

முதல் இரண்டுக்கும் எளிதில் ஆதரவு கிடைத்துவிடும். புதுக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். நோயாளிகளைத் திருப்பி அனுப்புவதோ, கேட்கும்போதே நியாயமாகப் படும். நான்காவதைப் பேச எடுத்தால் பலர் நெளிவார்கள். அறுவை சிகிச்சை நிபுணர், வார்டு பொறுப்பாளர், மருந்தகம், பில்லிங் என்று எல்லோருடைய பழக்கத்தையும் அது மாற்றச் சொல்கிறது. பல நாடுகள் இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டன. அவற்றின் அனுபவத்தைப் படிக்கப் படிக்க, நான்காவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

வருகை தானாகக் குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். எழுபதைத் தாண்டியவருக்குச் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்தே இருக்கின்றன. சாதாரண கிளினிக்குகள் இரவில் மூடியிருக்க, அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் முடிகிறது. பக்கவாதம் தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு உண்டு என்று ஆனபிறகு, ‘உடனே கிளம்பு’ என்பதுதான் சரியான அறிவுரை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். காப்பீடு கிடைத்தால் வழக்கமான டாக்டரிடம் போவார்கள், அவசரப் பிரிவில் கூட்டம் குறையும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ். காப்பீடு பெற்றவர்கள் அடுத்த 18 மாதங்களில், பெறாதவர்களைவிட 40 சதவீதம் அதிகமாக அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். வைத்தியம் எட்டும் தூரத்துக்கு வந்தால் மக்கள் வருவார்கள். அதில் தவறு ஏதும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வருகை கூடுவதும் நெரிசல் கூடுவதும் ஒன்றல்ல. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று அறிய, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த விதி இது. மணிக்கு 10 பேர் வந்து, ஆளுக்கு 4 மணி நேரம் தங்கினால் உள்ளே 40 பேர் இருப்பார்கள். வருகை 10 சதவீதம் கூடினால் அது 44 ஆகும். வருகை ஒன்றுகூடக் கூடாமல், தங்கும் நேரம் 24 நிமிடம் நீண்டாலும் அதே 44தான். இதைத் திருப்பியும் போடலாம். மணிக்கு 11 பேர் வந்தாலும், தங்கும் நேரத்தை 3 மணி 38 நிமிடமாகக் குறைத்துவிட்டால் உள்ளே பழைய 40 பேர்தான்.

ஆகவே முடிவெடுக்கும் முன் அந்த நேரத்தை மூன்றாகப் பிரித்து அளக்க வேண்டும். வந்ததிலிருந்து டாக்டர் பார்க்கும்வரை ஒரு பகுதி. டாக்டர் பார்த்ததிலிருந்து ‘அட்மிஷன்’ அல்லது ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று முடிவாகும்வரை இன்னொரு பகுதி. முடிவானபிறகு அங்கிருந்து நகரும்வரை மூன்றாவது. கேசுவாலிட்டியில் வேலை பார்க்கும் நர்ஸைக் கேட்டால் எந்தப் பகுதி நீளம் என்று அளக்காமலே சொல்லிவிடுவார். இருந்தாலும் அளந்த எண்தான் நிர்வாகத்தின் முன் நிற்கும். 20 படுக்கை உள்ள பிரிவில் 8 படுக்கைகளில், அட்மிஷன் எழுதியும் வார்டு கிடைக்காதவர்கள் படுத்திருந்தால், அது அன்றைக்கு 12 படுக்கைப் பிரிவு. வெளிச்சுவரில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கட்டடம் கட்டுவது

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை தன் அவசரப் பிரிவை 28 படுக்கையிலிருந்து 53 படுக்கையாக விரித்தது. முன்பும் பின்பும் எப்படி இருந்தது என்று ஒப்பிட்ட ஆய்வு 2007ல் வெளியானது. இடமில்லை என்று ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிடும் நேரம், படுக்கைகள் ஏறத்தாழ இரட்டிப்பான பிறகும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அட்மிஷன் ஆனவர்கள் அவசரப் பிரிவிலேயே தங்கும் நேரம் கூடிவிட்டது. வார்டில் இடமில்லாதபோது அவசரப் பிரிவில் போடும் புதுப் படுக்கை, காத்திருக்க இன்னோர் இடமாக மாறிவிடுகிறது. அந்தப் படுக்கைக்கு நர்ஸும் வேண்டும், ஆக்சிஜன் இணைப்பும் வேண்டும், வார்டில் கிடைக்கும் கவனிப்பு மட்டும் அங்கே கிடைக்காது. இடம் உண்மையிலேயே போதாத மருத்துவமனைகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். மற்றபடி, நான்கு யோசனைகளில் செலவு மிக அதிகமானதும், ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாததும் இதுதான்.

திருப்பி அனுப்புவது

‘தேவையில்லாமல் வருகிறவர்களால்தான் இத்தனை கூட்டம்’ என்பது எங்கும் கேட்கிற பேச்சு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 110 அவசரப் பிரிவுகளின் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். 8 மணி நேரத்தில் சாதாரண உபாதையோடு 10 பேர் கூடுதலாக வந்தால், தீவிர நோயாளிகள் தங்கும் நேரம் எவ்வளவு கூடுகிறது? சராசரியாக 5.4 நிமிடம். டாக்டர் வந்து பார்ப்பதற்கான காத்திருப்பு 2.1 நிமிடம் கூடுகிறது, அவ்வளவுதான். சுளுக்கோடு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஒரு மாத்திரையோ கட்டோ பெற்றுக்கொண்டு போய்விடுவார். ஸ்ட்ரெச்சரையும் மானிட்டரையும் நர்ஸின் முழுக் கவனத்தையும் பிடித்துவைப்பவர் அவர் அல்ல.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எது அவசரம் என்று நோயாளிக்கு முன்கூட்டித் தெரியாது. அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பை வைத்து 2013ல் வந்த ஓர் ஆய்வில், கடைசியில் எழுதப்பட்ட நோயைப் பார்த்து ‘இதைச் சாதாரண கிளினிக்கிலேயே பார்த்திருக்கலாம்’ என்று சொல்லத்தக்க வருகைகள் 6.3 சதவீதம் இருந்தன. அவர்கள் வந்தவுடன் சொன்ன அதே உபாதைகளைத்தான், மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்தில் நோயாளிகள் சொல்லியிருந்தார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு அசிடிட்டி, மற்றவருக்கு மாரடைப்பு. ஈ.சி.ஜி. எடுத்த பிறகு, ரத்தம் பார்த்த பிறகு நமக்குத் தெரிவதை, பயந்து போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மக்கள் வராமலிருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனா பயத்தில் அந்த ஏப்ரலில் இங்கிலாந்தின் அவசரப் பிரிவு வருகை முந்தைய ஏப்ரலைவிட 57 சதவீதம் குறைந்தது. மார்ச் கடைசிக்குள்ளேயே மாரடைப்பு போன்ற இதயநோய்களுக்கான அட்மிஷனும் சுமார் 40 சதவீதம் சரிந்திருந்தது. பயம் வந்தால் சளிக்காரர் மட்டும் வீட்டில் இருந்துகொள்வதில்லை. கட்டணமும் இப்படித்தான் வேலை செய்யும். அமெரிக்காவில் 1970களில் தொடங்கிய, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் காப்பீட்டுச் சோதனையில், கையிலிருந்து பணம் கட்ட வேண்டியவர்கள் தேவையற்ற வைத்தியத்தோடு தேவையான வைத்தியத்தையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் குறைக்கக் கட்டணம் போடுவது என்ற யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். அது ஏழையைத்தான் முதலில் தடுக்கும்.

தொலைபேசி வழிகாட்டலும் புதுக் கிளினிக்குகளும் கட்டணத்தைவிட நாகரிகமான வழிகள். இங்கிலாந்தில் 111 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணை முதலில் சில பகுதிகளில் சோதித்தபோது, அவசரப் பிரிவு வருகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, ஆம்புலன்ஸ் அனுப்புவது சற்றுக் கூடியது. நோயாளியைக் கண்ணால் பார்க்காமல் கேள்விப் பட்டியலை வைத்து முடிவெடுப்பவர் பாதுகாப்பான பக்கம்தான் சாய்வார், சாயவும் வேண்டும். அமெரிக்காவில் கடைகளுக்குள் திறந்த சிறு கிளினிக்குகளுக்குச் சின்ன உபாதைகளோடு வந்தவர்களில் 58 சதவீதம் வருகைகள், அந்தக் கிளினிக் இல்லையென்றால் எங்குமே நடந்திருக்காத வருகைகள் என்று 2016ல் கணக்கிட்டார்கள். புதிய இடம் புதிய தேவையைக் கூட்டி வருகிறது.

இதில் ஓரளவு நன்றாகச் செய்தவர்கள் என்று நான் கருதுவது நெதர்லாந்தையும் டென்மார்க்கையும். நெதர்லாந்தில் இரவிலும் வார இறுதியிலும் குடும்ப மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் மையங்கள் பல இடங்களில் மருத்துவமனை அவசரப் பிரிவை ஒட்டியே இருக்கின்றன. தானாக வந்தவரை அங்கேயே வகைப்பிரித்துக் குடும்ப மருத்துவரிடம் அனுப்ப முடிகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் 2014 ஜனவரியிலிருந்து, உயிருக்கு ஆபத்தில்லாத உபாதை என்றால் வரும் முன் 1813 என்ற தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேறொரு டாக்டர் அதே இரவில் உண்மையிலேயே கிடைக்கிறார். அந்த டாக்டர் இல்லாமல் ‘இங்கே வராதீர்கள்’ என்று பலகை மட்டும் வைப்பது நோயாளியை நடுத்தெருவில் விடுவதாகும்.

அடிக்கடி வருகிற சிலரைத் தேடிப்பிடித்துக் கவனித்தால் போதும் என்ற யோசனையும் உண்டு. நியூஜெர்சியின் கேம்டன் நகரில் அப்படி நடத்திய திட்டம் புகழ்பெற்றது. 2020ல் முறையான சோதனை முடிவு வந்தபோது, டிஸ்சார்ஜ் ஆகி 180 நாள்களுக்குள் மீண்டும் அட்மிஷன் ஆனவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம். மிக மோசமான நிலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பலர், திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டில் சற்றுத் தேறத்தான் செய்கிறார்கள்.

உள்ளே வேகம்

இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. மான்செஸ்டர் முறை போன்ற ஐந்து நிலை ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று நோயின் தீவிரத்தை வைத்து வகைப்பிரிப்பது, இன்று எங்கும் பரவிவிட்டது. ட்ரையாஜ் வரிசையைச் சரியாக அடுக்கும், ஆனால் வரிசையைச் சுருக்காது. சுருக்குவது வேறு. சின்னக் காயங்களுக்குத் தனி வழி வைப்பது, அனுபவமுள்ள டாக்டரையே ட்ரையாஜ் மேசையில் உட்காரவைத்துப் பரிசோதனைகளை உடனே எழுதச் செய்வது, லேப் ரிப்போர்ட்டுக்கு நேர வரம்பு வைப்பது ஆகியவற்றால் தங்கும் நேரத்தின் முதல் இரண்டு பகுதிகளும் குறைகின்றன. டாக்டரைப் பார்க்காமலே அலுத்துப்போய் எழுந்து போகிறவர்களும் குறைகிறார்கள். செலவும் அதிகம் இல்லை.

நேர இலக்கு வைப்பது இதன் நீட்சி. இங்கிலாந்து 2004ல், 98 சதவீத நோயாளிகள் 4 மணி நேரத்துக்குள் நகர்ந்திருக்க வேண்டும் என்றது. 2010ல் அதை 95 சதவீதமாகத் தளர்த்தியது. நாடு முழுவதுமாக அந்த 95ஐக் கடைசியாக எட்டியது 2015 ஜூலையில், அதற்குப் பிறகு இல்லை. இலக்கு வந்தால் கடிகாரத்துக்காக வேலை செய்வார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நான்காவது மணி முடியும் தறுவாயில் திடீரென்று பலர் நகர்த்தப்பட்டது புள்ளிவிவரத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மேற்கு ஆஸ்திரேலியா 2009ல் இதே 4 மணி விதியைக் கொண்டுவந்தபோது, மூன்று பெரிய மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு வழியாக அட்மிஷன் ஆனவர்களின் இறப்பு விகிதம் 13 சதவீதம் குறைந்தது. நியூசிலாந்து அதே ஆண்டில் 6 மணி நேரம், 95 சதவீதம் என்று வைத்தது. இலக்கை அவசரப் பிரிவின் தலையில் மட்டும் கட்டாமல் மருத்துவமனை முழுவதும் சுமந்தால்தான் இது பலன் தரும். சரியாகச் செய்யப்பட்ட நேர இலக்கு கடைசியில் நான்காவது யோசனையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வெளியேறும் வழி

வார்டுக்குப் போகக் காத்திருப்பது வெறும் அசௌகரியம் அல்ல. அதில் உயிர் போகிறது. இங்கிலாந்தின் தேசியத் தரவை வைத்து 2022ல் வந்த ஆய்வு, வந்து 6 முதல் 8 மணி நேரம் தாண்டியும் வார்டுக்குப் போகாமல் தாமதமான ஒவ்வொரு 82 பேருக்கும் கூடுதலாக ஓர் இறப்பு 30 நாள்களுக்குள் நேர்வதாகக் கணக்கிட்டது. பிரான்சில் 97 அவசரப் பிரிவுகளில் 75 வயதைத் தாண்டியவர்களை 2022 டிசம்பரில் கவனித்தார்கள். இரவை ஸ்ட்ரெச்சரில் கழித்தவர்களில் 15.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். நள்ளிரவுக்கு முன் வார்டுக்குப் போனவர்களில் இறந்தவர்கள் 11.1 சதவீதம். அணையாத விளக்கும் சத்தமும் நிறைந்த இடத்தில், வழக்கமான மாத்திரை தவறி, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் ஒரு முதியவர் இரவைக் கழிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

வார்டு ஏன் கிடைப்பதில்லை? எல்லாப் படுக்கையும் எப்போதும் நிரம்பியிருந்தால் அதுதான் சிக்கனம் என்று நிர்வாகம் நினைக்கிறது. 1999ல் பிரிட்டனில் கணினியில் செய்துபார்த்த ஒரு கணிப்பு, சராசரியாக 85 சதவீதப் படுக்கைகள் நிரம்பினாலே சிக்கல் தலைகாட்டத் தொடங்குகிறது, 90ஐத் தாண்டினால் அடிக்கடி படுக்கைப் பஞ்சம் வரும் என்று காட்டியது. நோயாளிகள் ஒரே சீராக வருவதில்லை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கூடுகிற நாளுக்குக் கொஞ்சம் காலி இடம் வைத்திருப்பதை வீண்செலவாக எழுதக் கூடாது.

அவசர வருகை கணிக்க முடியாதது, முன்பே நாள் குறித்த அறுவை சிகிச்சைதான் ஒழுங்கானது என்று நம்புகிறோம். மருத்துவமனைகளில் நோயாளிகளின் ஓட்டத்தை ஆராயும் யூஜின் லிட்வாக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது. திங்கட்கிழமை காலையில் அவசரப் பிரிவுக்கு ஏறத்தாழ எத்தனை பேர் வருவார்கள் என்று பழைய கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வாரத் தொடக்கத்தில் அறுவை சிகிச்சைகளைக் குவித்து, வார இறுதியில் ஒன்றும் இல்லாமல் விடும் ஏற்றத்தாழ்வை நாமே உண்டாக்குகிறோம். அந்த அட்டவணையை ஐந்து நாள்களுக்குச் சமமாகப் பரப்பினால் ஒரு படுக்கைகூட வாங்காமல் இடம் கிடைக்கும். சிங்கத்தின் பல்லைப் பிடுங்குகிற வேலைதான் இது, ஒவ்வொரு நிபுணருக்கும் பழகிப்போன நாள் ஒன்று உண்டு. தலைமை மருத்துவர் துணிந்தால் மட்டுமே நடக்கும்.

டிஸ்சார்ஜும் அப்படித்தான். காலையில் ரவுண்ட்ஸில் ‘இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத, மருந்து வாங்க, பில் முடிக்க, வண்டி வர மாலை ஆகிவிடுகிறது. அவசரப் பிரிவிலோ முற்பகலிலேயே கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்கும் மூத்த டாக்டர் இல்லாததால் திங்கள்வரை காத்திருப்பவர்களும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் மருந்தும் வண்டியும் வரும்வரை உட்கார ஒரு தனி அறை, வார இறுதியில் ஒரு மூத்த டாக்டர், முந்தின நாளே எழுதிவைத்த சுருக்கம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, புதிய கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தங்கிவிடுகிறவர்கள்தான் கடினம். இங்கிலாந்தில் 2023 ஜனவரியில், வீடு திரும்பத் தகுதியிருந்தும் மருத்துவமனையில் இருந்தவர்கள் ஒரு நாளைக்கு 13,000க்கும் மேல். அதை ஒரு மருத்துவமனை தனியாகத் தீர்க்க முடியாது. வெளியே முதியோர் பராமரிப்புக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் நிரம்பி வழிந்தால்? நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் பீட்டர் விச்செல்லியோ என்ற அவசர சிகிச்சை மருத்துவர் ஒரு வழியைக் கொண்டுவந்தார். அட்மிஷன் ஆனவர்களை அவசரப் பிரிவின் நடைபாதையில் குவிக்காமல், வார்டுக்கு ஒருவர் இருவர் என்று பிரித்து வார்டு நடைபாதைகளுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களிடம் இறப்போ ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதோ கூடவில்லை என்று 2009ல் எழுதினார்கள். ஓரளவு நிலையானவர்களையே அனுப்பினார்கள் என்பதால் அந்த ஒப்பீட்டை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. வார்டு நர்ஸ்களின் எதிர்ப்பும் நியாயமானது, ஒரு ஆள் கூடினாலும் அவர்களுக்குப் பாரம்தான். ஆனால் பத்துப் பேரும் ஒரே இடத்தில், அதுவும் அடுத்த மாரடைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய இடத்தில் கிடப்பதைவிட, பத்து வார்டுகளுக்குப் பகிர்வது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எந்த மருத்துவமனைக்கு எது

மேலே சொன்ன மூன்று பகுதிகளையும் சில வாரங்கள் அளந்தபிறகு, அட்மிஷன் ஆனவர்களின் நேரத்தில் மூன்றாவது பகுதிதான் மிக நீளம் என்று தெரிந்தால், பணம் முழுவதும் வெளியேறும் வழிக்குப் போகட்டும். அட்டவணையும் டிஸ்சார்ஜும் சரிசெய்தபிறகும் படுக்கைகள் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால், வாங்க வேண்டியது வார்டுப் படுக்கையும் அதற்கான நர்ஸும். வார்டில் இடம் தாராளமாக இருந்தும் டாக்டரைப் பார்க்கவே மணிக்கணக்கில் ஆகிறது என்றால், ட்ரையாஜில் மூத்த டாக்டரையும் சின்னக் காயங்களுக்குத் தனி வழியையும் முதலில் வையுங்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரவில் வேறு டாக்டரே இல்லை, வருகிறவர்களில் பெரும்பகுதி குழந்தைகளின் காய்ச்சலும் பழைய மருந்துச் சீட்டும் என்றால், பிரிவை ஒட்டிக் குடும்ப மருத்துவர் ஒருவரை உட்காரவைப்பது நோயாளிக்கு நல்லது, கூட்டமும் அதனால் குறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வார்டுக்குக் காத்திருப்போர் யாரும் இல்லாமல், பரிசோதனை நடந்துகொண்டிருப்பவர்களாலேயே எல்லா ஸ்ட்ரெச்சரும் நிறைந்திருக்கும் மருத்துவமனைக்குத்தான் கட்டடம் பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும், தினமும் காலை 8 மணிக்கு அவசரப் பிரிவில் அட்மிஷன் எழுதியும் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை எழுதி, தலைமை மருத்துவர், அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர், வார்டு பொறுப்பாளர் எல்லோர் மேசைக்கும் அனுப்புங்கள். மூன்று மாதத்தில் அது இறங்கவில்லையென்றால், மேலும் பணம் கொட்டும் முன் எந்த வார்டில், எந்தக் கிழமையில், யாருடைய கையெழுத்துக்காகப் படுக்கைகள் காத்திருக்கின்றன என்று தேடுங்கள்.